பழைய துப்பாக்கியும் புதிய தோட்டாவும்

முகவுரை

ஒரு தொழிற்கென ஆக்கப்பட்ட கருவியை மற்றொரு தொழிற்குத் திருத்திக் கொள்ளுதல் மக்களியல்பு. உழவன் தேய்ந்த கொழுவைக் கொல்லனிடம் கொடுத்து அரிவாளாக்கிக் கொள்கின்றான். முறிந்த வண்டியின் இருசு பட்டறையிற் பாரையாய் மாறுகின்றது. இங்ஙனம் மாற்றுங்கால் பிழை நேரின் பெரும்பாலும் இரும்பே கெடும். ஆளுக்குக் கேடு சிறிதே. ஆயின், மாற்றுங்கால் நேரும் பிழை தன்னை ஏந்துவோன் கண்ணையும் கையையும் உயிரையும் கவரவல்ல கருவியும் ஒன்றுண்டு. படைவீரர் கைவிட்ட பழைய ரைபிள் துப்பாக்கியே அது.

சென்ற நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இலட்சக்கணக்கான படைத் துப்பாக்கிகள் வேட்டைத் துப்பாக்கிகளாகத் திருத்தப்பட்டன. அவற்றுட் பல, தமக்குரிய தோட்டாவை விடுத்து வேறு தோட்டாவைச் சுடுமாறு மாற்றப்பட்டன. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, எங்கே தவறிற்று என்பதனை ஆராயுமிடத்து ஓருண்மை புலனாகும். பொருந்துதல் வேறு, தாங்குதல் வேறு. ஒரு தோட்டா ஒரு துப்பாக்கியினுட் செம்மையாய்ப் புகுந்து அமர்வதனைக் கண்ணாற் காணலாம். அதன் வெடிப்பினை அத்துப்பாக்கி தாங்குமா என்பது கண்ணுக்குப் புலனாவதன்று. இவ்வேறுபாட்டினை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

உறுப்புகள்

ஈண்டுக் கூறப்படுவன தாழ் அமைந்த ரைபிள்கள். கதவின் தாழ்ப்பாளைப் போல ஓர் உருளை முன்னும் பின்னும் ஓடி, கைப்பிடியைத் திருப்பியவுடன் பூட்டிக் கொள்ளும் அமைப்பினை உடையவை இவை. அவ்வுருளையைத் தாழ் என்றும், அது ஓடுதற்கு இடமாகிய எஃகுடலைத் தாழுறை என்றும் கூறுவோம். தாழிற் புடைத்து நின்று தாழுறையிற் சிக்கிக் கொள்ளும் கட்டிகள் பூட்டுமுளைகள் எனப்படும். தாழுறையின் முன்புறத்தே திருகப்பட்டிருப்பது குழல். குழலின் பிற்பகுதியில் தோட்டா அமர்தற்கெனக் குடையப்பட்ட இடம் அறை. கீழே தோட்டாக்கள் அடுக்கப்படும் இடம் தோட்டாப் பெட்டி. சுட்டபின் வெற்றுக் கூட்டினைப் பற்றி இழுக்கும் கொக்கி கௌவி.

தோட்டாவாவது பித்தளைக் கூடு, அதனுள் அடைத்த மருந்து, வாயிற் செருகிய குண்டு, அடியில் அமைத்த கேப்பு என்னும் நான்கினாலாயது. கூட்டின் அடியில் வெளியே நீண்டதொரு விளிம்பு இருப்பின் அது விளிம்புடைத் தோட்டா; விளிம்பு புடையாது ஒரு பள்ளம் மாத்திரம் இருப்பின் அது விளிம்பிலாத் தோட்டா. ஆங்கிலேயரது .303 அங்குலத் தோட்டா முன்னதற்கும், ஜெர்மானியரது 7.92×57 மி.மீ. தோட்டா பின்னதற்கும் எடுத்துக்காட்டாம். பின்னதன் பெயரில் முதலெண் குழலின் விட்டத்தையும் இரண்டாமெண் கூட்டின் நீளத்தையும் குறிக்கும்.

மாற்றியதன் காரணங்கள்

முதற்காரணம் மலிவு. போர் முடிந்தவுடன் எஞ்சிய ஆயுதங்கள் குவிந்து கிடக்கும். 1919 ஆம் ஆண்டு வெர்சேல்ஸ் உடன்படிக்கை ஜெர்மனியின் சேனையை 100,000 பேருக்குச் சுருக்கிற்று. வேண்டாதனவாய்ப் போன மௌசர் தாழுறைகள் வேட்டைத் துப்பாக்கி செய்வார் பட்டறைகளுக்குச் சென்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரும் அங்ஙனமே ஆயிற்று. அமெரிக்காவில் பழம்படைத் துப்பாக்கிகள் தபால் மூலமாகவே மிகச் சிறு விலைக்கு விற்கப்பட்டன. 1968 ஆம் ஆண்டுச் சட்டம் அயல்நாட்டுப் படைத் துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுத்தபோதே அவ்வெள்ளம் வடிந்தது.

இரண்டாங்காரணம் வேட்டையின் தேவை. மனிதனை எதிர்த்தற்கு வகுத்த தோட்டா யானைக்கும் காட்டெருமைக்கும் போதாது. 1905 ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்துத் துப்பாக்கி வினைஞராகிய ஓட்டோ போக் என்பார் 9.3×62 மி.மீ. தோட்டாவை அமைத்தார். ஆப்பிரிக்காவிலிருந்த ஜெர்மானியக் குடியேற்றங்களில் வாழ்வார் ஆயிரக்கணக்கில் செலவிட்டு இரட்டைக்குழல் யானைத் துப்பாக்கி வாங்க இயலாதவர். மலிவாய்க் கிடைத்த மௌசர் தாழுறையிலேயே அடங்குமாறு அத்தோட்டாவின் நீளத்தை அவர் வகுத்தமைத்தார். ஏனையோர் தோட்டாவிற்கேற்பத் துப்பாக்கியை மாற்ற, இவர் துப்பாக்கிக்கேற்பத் தோட்டாவை ஆக்கினார். அத்தோட்டா நூறாண்டு கடந்தும் வழக்கில் நிற்றற்கு இம்முறையே பெருங்காரணம் எனலாம்.

மூன்றாங்காரணம் சட்டம். படைவீரரிடமிருந்து களவாடப்படும் தோட்டாக்கள் தனியார் துப்பாக்கிகளிற் பயன்படலாகாது என்னும் எண்ணத்தால், ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவில் .303 துப்பாக்கி பொதுமக்களுக்கு விலக்கப்பட்டது. அதனால் லீ-என்பீல்டு அமைப்பினையே கொண்டு, ஆஸ்திரியப் படையின் 8×50 மி.மீ. விளிம்புடைத் தோட்டாவைச் சுடும் துப்பாக்கிகள் .315 என்னும் பெயரால் இந்திய வேட்டைக்காரர்க்கு விற்கப்பட்டன. பர்மிங்காம் நகரத்து பி. எஸ். ஏ. கம்பெனியார் அவற்றைச் செய்தனர். பின்னர் வங்காளத்து ஈஷாப்பூர்த் தொழிற்சாலையும் செய்தது. சிறைக்காவலர்க்கும் போலீசார்க்கும் என .303 துப்பாக்கிகளையே .410 அங்குல மஸ்கெட்டுகளாக மாற்றியதும் அத்தொழிற்சாலையே. அவற்றின் தோட்டாப் பெட்டியில் மரத்துண்டு அடைக்கப்பட்டு, ஒவ்வொரு தோட்டாவாகவே இடுமாறு செய்யப்பட்டது.

பிறநாடுகளிலும் இங்ஙனமே. பிரான்சு தேசத்தில் 1939 ஆம் ஆண்டு ஆணையால் படைத்தோட்டாக்களைச் சுடும் துப்பாக்கிகள் போர்க்கருவிகளாகக் கருதப்பட்டன. 7.92×57 மி.மீ. மௌசர் ஒன்றின் அறையை மூன்று மில்லிமீட்டர் நீளமாகக் குடைந்துவிட்டால் அது 8×60 மி.மீ. துப்பாக்கியாகும், படைத்தோட்டா என்னும் பெயர் நீங்கிவிடும். அச்சட்டம் 2013 ஆம் ஆண்டில் மாறுமளவும் பலர் இவ்வாறே செய்தனர். ஆஸ்திரேலியாவில் நியூ சௌத் வேல்ஸ் நாட்டினர், படைத்தோட்டாவிற்கிருந்த கட்டுப்பாட்டினால், .303 கூட்டின் கழுத்தை .25 அங்குலமாக ஒடுக்கி அதற்கேற்ற குழலைப் பூட்டிக் கொண்டனர்.

பொருத்தம் நான்கு

மணப்பொருத்தம் பார்ப்பார் பத்துப் பார்ப்பர். துப்பாக்கி வினைஞர் நான்கு பார்ப்பர்.

முதலாவது நீளப் பொருத்தம். தோட்டா பெட்டியினுள் அடங்க வேண்டும். தாழும் அதனைத் தள்ளுமளவு பின்னோட வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் விட்டுச் சென்ற மௌசர்களை நார்வே தேசத்தார் அமெரிக்காவின் .30-06 தோட்டாவிற்கு மாற்றினர். அத்தோட்டாவின் பெயரில் முன்னது அங்குல அளவு, பின்னது அது ஏற்கப்பட்ட 1906 ஆம் ஆண்டு. அதன் கூடு 63 மி.மீ. நீளமுடையது, மௌசரின் இயல்பான கூடோ 57 மி.மீ. எனவே நீண்ட தோட்டாக்கள் மேலிருந்து இறங்குதற்கெனத் தாழுறையிற் சிறு வெட்டொன்று வெட்ட வேண்டியதாயிற்று. இஸ்ரவேல் தேசத்தாரோ 1950-களின் பிற்பகுதி முதலாக அம்மௌசர்களையே 7.62×51 மி.மீ. தோட்டாவிற்கு மாற்றினர். இது குறுகியதாதலின் வெட்டுதற்கு வேண்டுவதில்லை.

இரண்டாவது அடிப் பொருத்தம். தோட்டாவின் அடி தாழின் முகத்தில் அமர்ந்து, கௌவியின் பிடியில் நிற்க வேண்டும். மௌசரின் 7.92 மி.மீ. தோட்டாவிற்கும் .30-06 தோட்டாவிற்கும் அடியின் விட்டம் ஏறக்குறைய 12 மி.மீ. அதனால் அவ்விரண்டிற்கும் ஒரே தாழ் ஏற்றதாயிற்று. .303 தோட்டாவின் விளிம்போ ஏறக்குறைய 13.7 மி.மீ. விட்டமுடையது. லீ-என்பீல்டு தாழில் விளிம்பிலாத் தோட்டாவைச் சுட வேண்டின் தாழின் முகத்தையும் கௌவியையும் மாற்றியாக வேண்டும். .315 தோட்டா விளிம்புடையதாகவே தேர்ந்தெடுக்கப்பட்டமைக்குள்ள வசதி இதனால் விளங்கும்.

மூன்றாவது இடைவெளிப் பொருத்தம். பூட்டிய தாழின் முகத்திற்கும், அறையினுள் தோட்டாவைத் தடுத்து நிறுத்தும் இடத்திற்கும் இடையேயுள்ள தொலைவினைத் தலையிடைவெளி என்னலாம். விளிம்புடைத் தோட்டாவை விளிம்பே நிறுத்தும். விளிம்பிலாததை அதன் தோள் நிறுத்தும். இவ்விடைவெளி மிகுமாயின், வெடிக்குங்கால் கூட்டின் முன்பகுதி அறைச்சுவரை இறுகப் பற்றி நிற்க, அடிப்பகுதி பின்னோக்கித் தள்ளப்படும். பித்தளை நடுவே இழுபட்டு அறும். அறுந்த வழியே கொதிக்கும் ஆவி சுடுவோன் முகத்தை நோக்கிப் பாயும். ஒரு தாள் மடிப்பின் கனமும் ஈண்டுப் பெரிதாகும்.

நான்காவது குழற் பொருத்தம். குண்டின் விட்டம் குழலின் விட்டத்திற்கு ஒத்தல் வேண்டும். 1888 ஆம் ஆண்டின் ஜெர்மானியத் தோட்டாவில் குண்டின் விட்டம் 8.08 மி.மீ.; 1905 ஆம் ஆண்டு முதல் வழங்கிய கூர்ங்குண்டின் விட்டம் 8.20 மி.மீ. கூடு மாறவில்லை, ஆதலாற் பழைய அறையிற் புதிய தோட்டா தடையின்றிப் புகும். ஆயினும் மில்லிமீட்டரில் எட்டிலொரு பங்கு பருத்த குண்டு ஒடுங்கிய குழலினுள் நெரிந்து செல்லுங்கால் அழுத்தம் வரம்பு கடந்து ஏறும். இதனை உணர்ந்த ஜெர்மானியர், புதிய குண்டிற்கேற்பத் திருத்திய பழைய துப்பாக்கிகளின் தாழுறையில் எஸ் என்னும் எழுத்தினைப் பொறித்தனர். அவ்வெழுத்தின்மையை அறியாது சுட்டவன் தன் தோட்டா பொருந்திற்று என்றே எண்ணியிருப்பான்.

இவ்விடத்திலேயே நம் முதற்கருத்து வெளிப்படுகின்றது. நான்காம் பொருத்தத்தில் வரும் பிழை கைக்குத் தோன்றாது. தாழ் இனிதாய் மூடும். விசையை இழுத்த பின்னரே உண்மை வெளியாகும்.

தாங்கும் வலிமை

ஒரு தோட்டா வெடிக்குங்கால் அறையினுள் எழும் அழுத்தத்தைப் பார் என்னும் அளவால் அளப்பர். கடல்மட்டத்தில் நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார். .303 தோட்டாவிற்கு ஐரோப்பியச் சோதனையாளர் விதித்த உச்சவரம்பு 3,650 பார், 7.92×57 மி.மீ. தோட்டாவின் 1905 வகைக்கு 3,900; .30-06 தோட்டாவிற்கு 4,050, 7.62×51 மி.மீ. தோட்டாவின் வேட்டை வடிவாகிய .308 வின்செஸ்டருக்கு 4,150. இவ்வழுத்தம் முழுவதும் கூட்டின் அடிவழியே தாழின்மேற் பாய்ந்து, பூட்டுமுளைகளால் தாங்கப்படுகின்றது. தாழ் ஒன்று, சுடுவோன் முகம் மற்றொன்று, இடையே வேறொன்றுமில்லை.

ஆகவே தாழின் அமைப்பினை நோக்குதல் வேண்டும். பீட்டர் பால் மௌசர் 1893 ஆம் ஆண்டில் ஸ்பெயின் தேசத்திற்கென அமைத்த துப்பாக்கியில் முன்புறத்தே இரண்டு பூட்டுமுளைகள் உள. 1898 ஆம் ஆண்டில் ஜெர்மனி ஏற்ற துப்பாக்கியில் அவ்விரண்டோடு பின்புறத்தே காவலாக மூன்றாவது முளையொன்றும் சேர்ந்தது. கூடு பிளந்தால் ஆவியைப் பக்கவாட்டிற் போக்கும் துளைகளும், முகத்தை நோக்கி வருவதனைத் தடுக்கும் அகன்ற தட்டும் அதற்குண்டு. வெளித்தோற்றத்தில் இரண்டும் உடன்பிறந்தார் போல்வன. முன்னதன் அறையினுள்ளும் புதிய வலிய தோட்டாவிற்கெனக் குழலொன்றைப் பூட்டலாம், பொருந்தும். ஆயினும் ஒன்றிற்குரிய சுமையை மற்றொன்றின்மேல் ஏற்றுதல் அறிவுடைமையன்று.

லீ-என்பீல்டு தாழிற் பூட்டுமுளைகள் பின்புறத்தே உள்ளன. அதனால் வெடிக்குங்கால் தாழின் முழு நீளமும் நெருக்குண்டு சிறிது குறுகும். தாழுறையும் சிறிது நீளும். .303 தோட்டாவிற்கு இஃது ஒரு குறையன்று. அத்துப்பாக்கி இரண்டு உலகப் போர்களிலும் பணியாற்றிற்று. ஆயின் அதனை 7.62 மி.மீ. தோட்டாவிற்கு மாற்றுங்கால் அழுத்தம் ஏறக்குறைய ஏழிலொரு பங்கு மிகுகின்றது.

இவ்விடத்தில் நம் நாட்டு ஈஷாப்பூர்த் தொழிற்சாலையார் செய்தது கருதத்தக்கது. 1962 ஆம் ஆண்டுச் சீனப் போரை அடுத்து, 7.62 மி.மீ. தோட்டாவைச் சுடும் தாழ்த் துப்பாக்கி வேண்டப்பட்டது. பழைய .303 துப்பாக்கிகளைக் குழல் மாற்றி விடுதல் எளிதாயிருந்திருக்கும், வெளித்தோற்றமும் ஒன்றே. அவர்களோ அவ்வடிவத்தை வைத்துக் கொண்டு, தாழையும் தாழுறையையும் மேம்பட்ட எஃகினாற் புதிதாகவே செய்தனர். தோட்டாப் பெட்டியும் பன்னிரண்டு தோட்டா கொள்ளுமாறு சதுரமாக மாறிற்று. 2ஏ, 2ஏ1 என்னும் பெயர் பெற்ற துப்பாக்கிகள் இவை. பிரிட்டானியரும் தம் 7.62 மி.மீ. மாற்றங்களுக்குப் பழைய மூன்றாம் மார்க் துப்பாக்கியை விடுத்து, வலிமை மிக்க நான்காம் எண் துப்பாக்கியையே கொண்டனர். வடிவத்தை நம்பாது எஃகினை நோக்கியமையே இவ்விரு சாராரின் சிறப்பு.

இதற்கு மறுதலையான நன்மையும் உண்டு. பிரிட்டானியர் 1913 ஆம் ஆண்டில் .276 அங்குலமுள்ள வலிய தோட்டாவொன்றிற்கெனப் பெரிய துப்பாக்கியொன்றை வகுத்தனர். 1914 ஆம் ஆண்டிற் போர் மூண்டமையால் அது .303 தோட்டாவிற்கு மாற்றப்பட்டு அமெரிக்கத் தொழிற்சாலைகளிற் செய்யப்பட்டது. 1917 ஆம் ஆண்டில் அமெரிக்கா போரிற் புகுந்தபோது, அதே எந்திரங்களைக் கொண்டு அது .30-06 தோட்டாவிற்கு மாறிற்று. இருபது இலட்சத்திற்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. ஒரே துப்பாக்கி நான்காண்டிற்குள் மூன்று தோட்டாக்களைக் கண்டது. முதலிலேயே பெருஞ்சுமைக்கென வகுக்கப்பட்டமையால், பின்னர் வேட்டைக்காரர் அதனைப் பெருந்தோட்டாக்களுக்கு மாற்ற விரும்பினர். ஆயினும் அவற்றுட் சிலவற்றின் குழலைக் கழற்றியபோது தாழுறையில் மயிரிழை போன்ற வெடிப்புகள் காணப்பட்டன. இனத்தின் பெருமை ஒவ்வொன்றிற்கும் பிணையாகாது என்பதற்கு இதுவே சான்று.

ஸ்பிரிங்பீல்டு தந்த பாடம்

இனி இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். அமெரிக்க அரசாங்கத்தார் 1903 ஆம் ஆண்டில் ஏற்ற ஸ்பிரிங்பீல்டு ரைபிள் அழகிற்கும் குறிதவறாமைக்கும் பெயர் பெற்றது. 1917 ஆம் ஆண்டில் அத்துப்பாக்கிகளிற் சில வெடித்துச் சிதறின. எஃகு வளைந்தோ நீண்டோ விடவில்லை. கண்ணாடி போல் நொறுங்கிற்று. காரணம் யாதென ஆராய்ந்தனர்.

தாழுறைகளை உலையிற் காய்ச்சி அடித்துப் பின் கடினமாக்குவார் வழிவழிவந்த தேர்ச்சியுடையவர். எஃகு எவ்வளவு காய்ந்தது என்பதனை அதன் நிறத்தைக் கண்டே அறிவர். அவர்தம் கண்ணிற் குறையில்லை. கண்ணுக்குத் துணையாகிய ஒளியிலே குறை இருந்தது. வானம் மூடிய நாளில் செவ்வெனத் தோன்றும் எஃகு, வெயில் வீசும் நாளில் மங்கித் தோன்றும். இன்னுங் காயவில்லை என்றெண்ணி மேலும் காய்ச்சினர். வெயில் நாளுக்கும் மேக நாளுக்கும் இடையே 300 பாரன்ஹீட் பாகை வரை வேறுபாடு இருந்ததாகக் கண்டனர். மிகையாய்க் காய்ந்த எஃகு உள்ளே எரிந்து நொய்ந்து போயிற்று. புறத்தே மெருகு குன்றவில்லை.

அதன்பின் வெப்பமானிகள் வைக்கப்பட்டன. காய்ச்சும் முறையும் மாற்றப்பட்டது. ஸ்பிரிங்பீல்டுத் தொழிற்சாலையில் 800,000 என்னும் வரிசை எண்ணுக்குக் கீழ்ப்பட்டவை பழைய முறையில் ஆனவை. ராக் ஐலண்டுத் தொழிற்சாலையில் 285,507 என்னும் எண்ணுக்குக் கீழ்ப்பட்டவை அத்தகையவை. இவற்றையெல்லாம் பின்னாளில் ஆராய்ந்து எழுதியவர் ஜூலியன் ஹாச்சர் என்னும் படைத்தலைவர். அவரது குறிப்பேடு 1947 ஆம் ஆண்டில் நூலாய் வெளிவந்தது.

ஈண்டு ஊன்றிக் கருதுதற்குரியன இரண்டு. ஒன்று, அக்கீழெண் துப்பாக்கிகள் அனைத்தும் சோதனைத் தோட்டாவைத் தாங்கியே தொழிற்சாலையை விட்டு வெளிவந்தவை. அவற்றுட் பெரும்பாலன ஆண்டுக்கணக்கிற் செம்மையாய்ச் சுட்டவை. இயல்பான அழுத்தத்தைத் தாங்கின. கூடு பிளத்தல், குழலில் அடைப்பு நேர்தல் முதலிய இடையூறு வந்த நாளிலேயே அவை கைவிட்டன. நல்ல எஃகாயின் அந்நாளிற் சிறிது நீண்டு, உடைமையை இழந்து உடையவனைக் காக்கும்; நொய்ந்த எஃகோ அதனைச் செய்யவில்லை. மற்றொன்று, அவை பிற்காலத்தில் தனியார் கையிற் சென்றபோது, மென்மையாய் ஓடும் தாழுடையன என்று விரும்பப்பட்டன. குறையே சிறப்பாய்த் தோன்றிற்று. அத்தகையதொன்றை எடுத்து முன்னினும் வலிய தோட்டாவிற்கு மாற்றுவான் ஒருவன், தன் கைத்திறத்தால் நான்கு பொருத்தங்களையும் குறைவறச் செய்து முடித்தாலும், ஐந்தாவதொன்றினை அறியாதவனேயாவான்.

சோதனைச் சாலை

இத்தீங்கினைக் குறைத்தற்கு மேனாட்டார் கண்ட வழி சோதனைச் சாலை. லண்டன் மாநகரில் துப்பாக்கி வினைஞர் சங்கம் 1637 ஆம் ஆண்டில் அரசப்பட்டயம் பெற்றது. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்டது. அங்கே ஒவ்வொரு துப்பாக்கியும், இயல்பான வரம்பினும் ஏறத்தாழக் கால்பங்கு மிகுந்த அழுத்தமுள்ள தோட்டாவாற் சுடப்படும். சுடுவோன் அருகே நிற்பதில்லை. தாங்கியதன்மேல் முத்திரை பொறிக்கப்படும். அறையோ குழலோ மாற்றப்பட்டால் பழைய முத்திரை செல்லாது. மீண்டும் சோதித்தே விற்கலாம். ஒரு துப்பாக்கியின் தோட்டா மாறுமிடத்து அது வேறொரு துப்பாக்கியே என்னும் உண்மையை அச்சட்டம் ஒப்புக்கொள்கின்றது. அமெரிக்காவில் அத்தகைய அரசாங்கச் சோதனைச் சாலை இல்லை; ஆக்குவோரே சோதிப்பர். இந்தியாவிலோ 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் பெறாதார் துப்பாக்கியை மாற்றுதலும் பழுதுபார்த்தலும் சோதித்தலும் குற்றமாகும்.

ஆயினும் ஸ்பிரிங்பீல்டு கதை காட்டுவது போல, சோதனை ஒன்றே போதாது. அது ஒருநாள் தாங்கியதனைக் கூறும்; எஃகின் பிறப்பினைக் கூறாது. பிறப்பினைக் கூறுவது வரிசை எண்ணும், ஆக்கிய இடத்தின் பெயரும், அதன்மேற் பொறித்த குறிகளும். கல்வெட்டாராய்வார் மன்னன் பெயரையும் ஆட்சியாண்டையும் படித்த பின்னரே அதன் பொருளைத் துணிவர். துப்பாக்கி வினைஞனும் எஃகின்மேற் பொறித்ததனைப் படித்த பின்னரே உளியை எடுத்தல் வேண்டும். 800,000 என்னும் எண்ணும், எஸ் என்னும் ஓரெழுத்தும் மனிதன் கண்ணைக் காத்தன. அவற்றைப் படியாமை கண்ணைப் போக்கவல்லது. மெருகேற்றுங்கால் அக்குறிகளை அராவி அழித்துவிடுவாருமுளர். அவர் அழிப்பது அழுக்கையன்று. எஃகு தன்னைக் குறித்துக் கூறும் ஒரே சாட்சியத்தை.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், பழைய படைத் துப்பாக்கியைப் புதிய தோட்டாவிற்கு மாற்றுவார் நீளம், அடி, இடைவெளி, குழல் என்னும் நான்கு பொருத்தங்களைக் கண்ணாலும் அளவுகோலாலும் காண்பர் என்பதும், ஐந்தாவதாகிய தாங்கும் வலிமை அமைப்பினாலும் எஃகினாலும் ஆக்கிய முறையாலும் அமைவதென்பதும், அதனை அறிதற்கு வரலாறும் சோதனையும் ஒருங்கே வேண்டுமென்பதும் விளங்கும். இவ்வைந்தனுள் ஒன்று ஐயமாயின் அத்துப்பாக்கியை அதற்குரிய பழைய தோட்டாவோடே விட்டுவிடுதலும், அதுவும் ஐயமாயின் சுடாமலே சுவரில் வைத்தலும் தக்கன. மாற்றிய துப்பாக்கி மீண்டும் பழைய நிலை எய்தாது என்பதும் நினைவிற் கொள்ளற்பாலது.

பழந்துருத்தியில் புதிய இரசத்தை வார்த்தல் பற்றி நம் ஆண்டவர் உரைத்த உவமை யாவரும் அறிந்ததே. துருத்தியின் வாய் புதிய இரசத்தை ஏற்க மறுப்பதில்லை. வார்த்தவன் கண்ணுக்குக் குறையொன்றும் தோன்றுவதுமில்லை. உள்ளே அது பொங்கும் நாளிலேயே தோல் தன் வயதினைக் காட்டும். உலைக்கு முன் நின்ற ஸ்பிரிங்பீல்டு வினைஞர் சோம்பரல்லர், வஞ்சகருமல்லர், தம் கண்ணைத் தாமே அளவுகோலாகக் கொண்டனர், அவ்வளவே. சுவரில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டமை அவர்தம் திறமைக்கு இழிவாகவில்லை, அத்திறமைக்குத் துணையாயிற்று. தேர்ந்த கையும் அளக்கும் கருவியும் ஒருங்கு நின்ற நாள்முதற் செய்த தாழுறைகளை ஏந்துவார் அஞ்சாது ஏந்துகின்றனர்.